வராண்டா இல்லாத வகுப்பறை

நம் ஊர் அரசுப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வரிசையாக வகுப்பறைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தூண் வைத்த வராண்டா. வெயிலுக்கும் சாரலுக்கும் என்று கட்டினாலும் அது செய்கிற முக்கியமான வேலை வேறு. தலைமையாசிரியர் அதில் நடந்து போவார். சாக்பீஸ் வாங்க ஓடும் பையன் போவான். சத்துணவு சமைக்கும் அம்மா போவார். உள்ளே ஆசிரியர் பாடம் நடத்துவதையும் அதட்டுவதையும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் அழைத்துப் பேசுவதையும் யாரும் வேவு பார்ப்பதில்லை. ஆனால் எல்லோர் கண்ணிலும் அது பட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர் மாணவர் உறவு நம்மிடம் தலைமுறைகளாக இந்தப் பார்வையின் நடுவில்தான் வளர்ந்திருக்கிறது.

செல்பேசிக்கு வராண்டா கிடையாது. இரவு ஒன்பதரை மணிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், நாளைக்கு டெஸ்ட் எந்தப் பாடம்?" என்று வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கிறாள். பதில் சொல்வதா, வேண்டாமா? மறுநாள் அவளே இன்ஸ்டாகிராமில் நட்பழைப்பு அனுப்பினால் ஏற்பதா? வகுப்பில் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வகுப்பு சார் ரீல்ஸ் போட்டு லட்சம் பார்வை வாங்கியிருக்கிறார். அது பெருமையா, தவறா? அரசாணை ஒன்றைக் கிண்டல் செய்யும் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்த ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு மெமோ வருமா?

இந்தக் கேள்விகளுக்கு உலகத்தின் பல பகுதிகளில் சுமார் பதினைந்து ஆண்டுகளாக விடை தேடிவருகிறார்கள். சிலர் சட்டம் போட்டுத் தடுத்துப் பார்த்தார்கள். சிலர் தொழில் மன்றம் வழியாக அறிவுரை எழுதினார்கள். பல இடங்களில், நம்முடையதும் சேர்த்து, பழைய நடத்தை விதிகளையே புதிய கருவிக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இம்மூன்றும் எங்கே உதவின, எங்கே சறுக்கின என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆசிரியர் எந்தத் தளத்தில் இருக்கலாம் என்று பட்டியல் போடும் வழிகாட்டிகள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. ஆசிரியரும் பிள்ளையும் பேசுவது இன்னொரு பெரியவர் அறியும்படி நடக்கிறதா என்று கேட்கும் வழிகாட்டிகள்தான் நிலைக்கின்றன.

கேள்வி பழையது

பள்ளிக்கு வெளியே ஆசிரியர் என்ன பேசலாம் என்ற வழக்கு இணையத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி நிர்வாகம் பணத்தைப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பங்கிடும் முறையைக் குறைசொன்ன கடிதம் அது. வேலை போயிற்று. 1968-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பொது அக்கறைக்குரிய விஷயத்தில் ஆசிரியருக்கும் குடிமகனுக்குரிய குரல் உண்டு என்றும், அந்த உரிமையையும் நிர்வாகம் ஒழுங்காக நடக்க வேண்டிய தேவையையும் தராசில் வைத்தே பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. வலைத்தளப் பதிவு தொடர்பான அமெரிக்க ஆசிரியர் வழக்குகள் இன்றும் அந்தத் தராசுக்குத்தான் வருகின்றன.

ஆனால் பிக்கரிங்குக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தது. பத்திரிகைக்கு எழுதினார், பத்திரிகை படிக்கிறவர்கள் படித்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து நிலைமை வேறு. பென்சில்வேனியாவில் 2006-இல் பயிற்சி ஆசிரியை ஒருவர், கடற்கொள்ளையர் தொப்பியும் கையில் கோப்பையுமாக இருக்கும் படத்தை, குடித்த கொள்ளைக்காரி என்ற பொருளில் ஒரு வரியோடு தன் மைஸ்பேஸ் பக்கத்தில் போட்டார். நண்பர்களுக்காகப் போட்ட வேடிக்கை அது. பயிற்சி பெற்ற பள்ளி அதைப் பார்த்தது. பட்டமளிப்புக்குச் சில நாட்கள் இருக்கையில் பல்கலைக்கழகம் அவருக்குக் கல்வியியல் பட்டத்தை மறுத்து, ஆங்கிலப் பட்டம் கொடுத்து அனுப்பியது. வழக்குப் போட்டார், 2008-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அந்தப் படத்தில் குற்றம் என்று எதுவுமில்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் வினையாயிற்று. ஆய்வாளர்கள் டானா பாய்ட், ஆலிஸ் மார்விக் போன்றோர் இதைச் சூழல்களின் சரிவு என்று விளக்கினார்கள். நம் வழக்கில் சொன்னால், கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சு ஒன்று, டீக்கடையில் ஒன்று, ஆசிரியர் ஓய்வறையில் ஒன்று, வகுப்பில் ஒன்று. நேரில் நாம் இடத்துக்கு இடம் குரலை மாற்றிக்கொள்கிறோம். வலைத்தளத்தில் நாலு கூட்டமும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மச்சானுக்குச் சொன்ன நக்கல் மாணவனின் அப்பாவுக்கும் கேட்கிறது.

மிசௌரி போட்ட பூட்டு

சிக்கலைச் சட்டத்தால் பூட்டிவிடலாம் என்று நினைத்தது அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். 2011-இல் அங்கே மாணவர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. சிறுவயதில் ஆசிரியர் ஒருவரால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார்கள். நோக்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் இடறியது. மாணவருடனோ, பதினெட்டு வயதுக்கு மேற்படாத முன்னாள் மாணவருடனோ மூன்றாம் ஆள் பார்க்க முடியாதபடி தனித்துப் பேச வழிசெய்யும் வலைத்தளக் கணக்கை ஆசிரியர் பயன்படுத்தக் கூடாது என்றது அது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் பள்ளியிலேயே படிக்கும் தன் மகனுக்கு ஃபேஸ்புக்கில் செய்தி அனுப்பும் ஆசிரியை என்ன செய்வார்? கோயிலிலும் விளையாட்டுக் குழுவிலும் பழகும் பிள்ளைகள்? ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த ஆகஸ்டு மாதக் கடைசியில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். ஆசிரியர்களின் பேச்சையே உறைய வைக்கும் அளவுக்கு அதன் வீச்சு பெரிது என்பது அவர் கண்ட குறை. சில வாரங்களில் சட்டமன்றமே அந்தப் பகுதியை நீக்கி, ஒவ்வொரு கல்வி மாவட்டமும் தனக்கான கொள்கையைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்று மாற்றியது.

இந்த வரலாற்றைத் தடைச் சட்டத்தின் தோல்வி என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். மிசௌரி சரியான இடத்தில்தான் விரல் வைத்தது. யாரும் பார்க்க முடியாத தனிமை என்பதுதான் ஆபத்து. தளத்தைப் பூட்டினால் தனிமையும் பூட்டப்பட்டுவிடும் என்று எண்ணியதில்தான் கணக்குத் தப்பியது. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. இரவு ஒன்பதரைக்கு வரும் செய்தி டெஸ்ட் பற்றியதாக இல்லாமல், "மிஸ், வீட்ல எனக்குப் பயமா இருக்கு" என்று இருந்தால்? விதிக்குப் பயந்து திறக்காமல் விட்ட ஆசிரியை விதிப்படி நல்லவர். அந்தப் பிள்ளைக்கு அன்றிரவு அவரால் என்ன பயன்? எந்த வழிகாட்டியையும் இந்த ஒரு செய்தியை வைத்து உரசிப் பார்க்கலாம்.

ஒன்டாரியோ எழுதிய அறிவுரை

அதே 2011-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநில ஆசிரியர் மன்றம் வேறு பாதையில் போனது. மின்வழித் தொடர்பும் சமூக வலைத்தளமும் பற்றி அது ஒரு தொழில்முறை அறிவுரை வெளியிட்டது; 2017-இல் அதைப் புதுப்பித்தது. மாணவருடன் தக்கவாறு பழகுதல், அந்தரங்கத்தைப் புரிந்துகொள்ளுதல், தொழிலுக்குரிய பண்போடு நடத்தல் ஆகியவை அதன் அடிப்படை. மாணவரின் நட்பழைப்பை ஏற்காதீர்கள், நீங்களும் அனுப்பாதீர்கள். வகுப்புக்காக ஒரு தளத்தைப் பயன்படுத்தினால் பெற்றோருக்கும் பள்ளிக்கும் முன்பே சொல்லுங்கள். பாடத்துக்கு வெளியே தனிச்செய்தி வேண்டாம் என்று அது போகிறது. பதிவிடுமுன் தன்னையே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகளும் அதில் உண்டு.

இந்த அறிவுரையின் பலம் அதன் வாசகங்களில் மட்டுமில்லை. எழுதியவர் யார் என்பதிலும் இருக்கிறது. ஒன்டாரியோ மன்றம் ஆசிரியர்களைப் பதிவுசெய்து, தகுதி வழங்கி, தவறினால் விசாரிக்கும் தொழில் அமைப்பு. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஸ்காட்லாந்தின் பொது ஆசிரியர் மன்றமும் அப்படியே; அதுவும் தன் உறுப்பினர்களுக்கு இதே பொருளில் வழிகாட்டி வைத்திருக்கிறது. தொழில் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நெறியாக அங்கே ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். நியூயார்க் நகரக் கல்வித் துறை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி மேலிருந்து வந்த நிர்வாக ஆவணம். தொழிலுக்கு ஒரு கணக்கு, சொந்த வாழ்க்கைக்கு ஒரு கணக்கு எனப் பிரித்துக்கொள்ளச் சொன்னதும், மாணவரோடு சொந்தக் கணக்கில் நட்பு வேண்டாம் என்றதும் அதன் சாரம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. ஒன்றை ஆசிரியர் தன் தொழிலின் குரலாகக் கேட்கிறார், மற்றதை முதலாளியின் குரலாகக் கேட்கிறார்.

நம் நாட்டில் வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு, மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் உண்டு. பள்ளி ஆசிரியருக்கு அப்படியொரு பதிவு மன்றம் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வேலை முக்கியமாக ஆசிரியர் பயிற்சியை ஒழுங்குபடுத்துவது. ஆகவே இங்கே நெறி என்பது அரசாணையாகவும் சுற்றறிக்கையாகவும் நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவாகவும்தான் வந்து சேர்கிறது.

நம் பள்ளிக்குள் குழு வந்த கதை

தமிழ்நாட்டில் ஆசிரியரையும் மாணவரையும் செல்பேசியில் இணைத்தது பெருந்தொற்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டுக்குக் கொண்டு போனது. சந்தேகம் கேட்கவும் வீட்டுப்பாடம் அனுப்பவும் வாட்ஸ்அப் குழுதான் இருந்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. கிளாஸ் டீச்சர் தன் சொந்த எண்ணிலிருந்து, தன் சொந்த டேட்டாவில் தொடங்கியது. பெருந்தொற்று போனது, குழு போகவில்லை.

மேலைநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத ஒரு நுட்பம் இங்கே உண்டு. குழுவில் இருக்கும் எண் பெரும்பாலும் பிள்ளையுடையதல்ல. அது அப்பாவுடையது, அண்ணனுடையது, சில வீடுகளில் பக்கத்து வீட்டாருடையது. பகலில் அந்தப் போன் வேலைக்குப் போய்விடும். இரவில்தான் பிள்ளையின் கைக்கு வரும். ஒன்பதரை மணிச் செய்திக்குப் பாதிக் காரணம் இதுதான். இதனால் ஒரு நன்மை: ஆசிரியர் எழுதுவதை வீடும் படிக்கிறது. ஒரு தீமையும் உண்டு: சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நாற்பது தாய்மார்களின், பெண்பிள்ளைகளின் எண்களை ஊரறியக் கொடுத்துவிட்டோம் என்று பல ஆசிரியர்களுக்குத் தோன்றியிருக்காது. நிர்வாகி மட்டும் பதிவிடும்படி குழுவை அமைப்பது, உறுப்பினர் எண்களைப் பொதுவில் காட்டாத கம்யூனிட்டி வசதியைப் பயன்படுத்துவது ஆகிய இரண்டு சின்னப் பொத்தான்கள் ஒரு பக்க அறிவுரையைவிடப் பெரிய காவல்.

2021 மே மாதம் சென்னைத் தனியார் பள்ளி ஒன்றில் இணையவழி வகுப்பில் ஆசிரியர் ஒருவர் முறைகேடாக நடந்ததாகப் புகார் எழுந்தது. போக்சோ சட்டத்தில் அவர் கைதானார். அடுத்தடுத்து வேறு பள்ளிகளைப் பற்றியும் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. சில வாரங்களில் மாநில அரசு இணையவழி வகுப்புகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

அந்தப் புகார் எப்படி வெளியே வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முன்னாள் மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் எழுதியதால் வந்தது. மூடிய திரைக்குள் தவறு நடக்க இடம் கொடுத்ததும் வலைதான். பல ஆண்டுகளாக யாரும் காதுகொடுக்காத குரல்களை ஊர் கேட்கச் செய்ததும் வலைதான். வலைத்தளமே கேடு என்று தொடங்கும் வழிகாட்டி இந்த இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வேறு வராண்டா இல்லாதபோது அவர்கள் அதைத்தான் வராண்டாவாக ஆக்கிக்கொண்டார்கள்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்தோடு குழந்தையை மின்வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் குற்றமாக்குகிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிக்க ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் உரிமையில்லை.

யாருடைய முகம்?

2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இடமாறுதல் வந்தது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கட்டிப்பிடித்து அழுத காட்சி நாடு முழுக்கப் பரவியது. இடமாறுதலும் தற்காலிகமாக நின்றது. அரசுப் பள்ளியில் இப்படியும் ஒரு உறவு இருக்கிறது என்று பலருக்குக் காட்டிய படம் அது. வலைத்தளம் ஆசிரியர் தொழிலுக்குச் செய்த நன்மைகளில் அதற்கு இடமுண்டு.

அந்தக் கதையின் நெகிழ்ச்சி எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பையன் திக்கித் திக்கிக் குறள் சொல்கிறான். ஆசிரியர் அன்போடுதான் படம்பிடித்துப் போடுகிறார். ஊர் சிரிக்கிறது, ரசிக்கிறது, பகிர்கிறது. அவனுக்கு இருபது வயதாகும்போது அவன் திக்கல் இன்னும் அங்கேயே இருக்கும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவன் அன்று இருந்தானா? ஆசிரியர் கேட்டால் பிள்ளை தலையாட்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரியவர்கள் நமக்கு நாமே செய்துகொள்ளும் சலுகை. செருப்பில்லாத கால், கிழிந்த சட்டை, நன்கொடைப் பொருளை வாங்கும் கை ஆகியவற்றைப் படமாக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முழுமையாக நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். கல்விப் பணிக்கும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. சேர்க்கை விளம்பரத்துக்கும் ஆசிரியரின் சொந்தப் பக்கத்துக்கும் அவை நீளும் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோவும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கின்றன. "நம்ம பிள்ளைக்கு நியாயம் கேட்போம்" என்று நல்ல எண்ணத்தோடு படம் பகிர்கிற ஆசிரியரும் இதில் சிக்குவார்.

நடைமுறைக்கு எளிய வழிகள் இருக்கின்றன. முகத்தைவிடக் கைவேலையைப் படமெடுக்கலாம். வரைந்த படம், செய்த மாதிரி, எழுதிய பலகை ஆகியவை பிள்ளையின் திறமையைக் காட்டும், பிள்ளையைக் காட்டிக்கொடுக்காது. பள்ளிப் பெயருள்ள கணக்கில், பெற்றோர் எழுத்தில் சம்மதித்த படம் மட்டும். ஆண்டு முடிந்ததும் பழையதை நீக்கும் வழக்கம். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் மாணவர் முகம் வேண்டவே வேண்டாம்.

பதினேழு பி என்ற பயம்

சமூக வலைத்தளம் என்றதும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு முதலில் நினைவு வருவது பிள்ளைகளின் பாதுகாப்பு அல்ல, மெமோ. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ஆம் ஆண்டினுடையவை. அப்போது அரசை விமர்சிப்பது என்றால் மேடை, பத்திரிகை, துண்டறிக்கை. இன்று ஒரு ஃபார்வர்டும் ஒரு லைக்கும் அந்தப் பட்டியலில் சேருமா என்று யாருக்கும் உறுதியில்லை. பெருந்தண்டனைக்கு இட்டுச்செல்லும் 17(பி) குற்றச்சாட்டு என்ற சொல்லே போதும், ஓய்வறையில் பேச்சு அடங்கிவிடும். தனியார் பள்ளி ஆசிரியருக்கு அந்த எண்கூடத் தேவையில்லை. நிர்வாகியின் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நீதிமன்றங்கள் இதில் முற்றிலும் மௌனமாக இல்லை. இணையத்தில் தொல்லைதரும் செய்தி என்று சொல்லி யாரையும் கைதுசெய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம், ஃபேஸ்புக் பதிவுக்காக நடவடிக்கைக்கு ஆளான அரசு ஊழியர் ஒருவர் வழக்கில், அரசுப் பணியில் இருப்பதால் ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்றது. நடத்தை விதிகளின் எல்லைக்குள் தன் கருத்தை வைத்துக்கொள்ளவும் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், வாட்ஸ்அப் குழுவின் வெறும் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரை, உறுப்பினர் போட்ட பதிவுக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலையை எடுத்தது. வகுப்புக் குழு நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இது ஆறுதல். ஆனால் இதைச் சொல்லும் சுற்றறிக்கையை அவர் பார்த்திருக்கமாட்டார். கண்டிக்கும் சுற்றறிக்கைகள்தான் அவரைத் தேடி வருகின்றன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் ஆசிரியர் நிலை குறித்து 1966-இல் ஏற்ற பரிந்துரை, குடிமக்களுக்குரிய எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கும் உண்டு என்று கூறுகிறது. அக்டோபர் 5-ஐ உலக ஆசிரியர் நாள் என்று கொண்டாடுவதே அந்தப் பரிந்துரை பிறந்த நாள் என்பதால்தான். வாக்களிப்பது எப்படி என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆளுக்குக் கருத்தே இருக்கக் கூடாது என்பது விசித்திரம். அதேவேளை, சாதியையோ மதத்தையோ இழிவுசெய்யும் ஒரு பதிவை ஆசிரியர் பகிர்ந்தால், மறுநாள் அவர் முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகளில் சிலருக்கு அந்த வகுப்பு தங்களுடையதாக இருக்காது. அரசை விமர்சிப்பது வேறு, தன் வகுப்பிலேயே இருக்கும் பிள்ளையை அவமதிப்பது வேறு. நம் விதிகள் முன்னதைப் பார்த்துக் கண் சிவக்கின்றன, பின்னதைக் கண்டுகொள்வதில்லை.

லாபக் கணக்கு

இவ்வளவு தொல்லையென்றால் ஒதுங்கிவிடலாமே என்பது பலர் எடுத்த முடிவு. ஆனால் இழப்பும் சிறிதல்ல. 2009-இல் ட்விட்டரில் எட்சாட் என்ற குறிச்சொல்லோடு ஆசிரியர்கள் வாராவாரம் கூடிப் பேசத் தொடங்கினார்கள். கார்ப்பெண்டர், கிருட்கா இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 755 கல்வியாளர்களைக் கேட்டார்கள். தொழில் வளர்ச்சிக்காக ட்விட்டரைப் பயன்படுத்துவதே அவர்களிடம் முதன்மையாக இருந்தது, தனிமை குறைந்தது என்றும் பலர் சொன்னார்கள். இந்தத் தனிமை என்ற சொல்லை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஜவ்வாது மலையில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த நல்ல வழி ஒன்று வேண்டுமென்றால் யாரிடம் கேட்பார்? 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அட்டையும் குச்சியும் வைத்துக் கற்பித்தல் கருவிகள் செய்யும் யோசனைகள் குழுக்களிலும் யூடியூபிலும் கைமாறின. அதிகாரியின் பயிற்சியைவிடச் சக ஆசிரியரின் இரண்டு நிமிடக் காணொளி சில நாள் அதிகம் உதவியிருக்கிறது.

ஆசிரியரின் சொந்த முகம் கொஞ்சம் தெரிவதுகூட நல்லதே என்று ஒரு ஆய்வு உண்டு. மேசர், மர்பி, சைமண்ட்ஸ் மூவரும் 2007-இல், தன்னைப் பற்றி அதிகம் பகிரும் ஆசிரியரின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்த கல்லூரி மாணவர்கள் அந்த வகுப்பில் ஆர்வமும் இதமான சூழலும் இருக்கும் என்று எதிர்பார்த்ததைக் கண்டார்கள். அவர்கள் பார்த்தது கல்லூரிப் பிள்ளைகளை; பதின்மூன்று வயதுக்கு அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. அந்த மாணவர்களே ஆசிரியர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னதாக அதே ஆய்வு பதிவுசெய்கிறது. ஆசிரியருக்குத் தோட்டம் போடப் பிடிக்கும் என்று மாணவன் அறிவது அழகு. அவருக்கு நேற்றிரவு தூக்கம் வரவில்லை என்று அவன் அறிய வேண்டியதில்லை.

இன்னொரு செலவு நேரம். பெற்றோர் குழு, பள்ளிக் குழு, வட்டாரக் குழு, மாவட்டக் குழு. எல்லாவற்றிலும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளப் பதிவு முதல் விழாப் படம் வரை உடனே, உடனே. பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் பணிநேரத்துக்குப் பின் அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இரவில் மாணவருக்குப் பதில் சொல்லாதீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்கும் துறை, தானும் இரவில் ஆசிரியரிடம் புள்ளிவிவரம் கேட்காமல் இருந்து காட்ட வேண்டும்.

நல்ல வழிகாட்டிக்கு என்ன இலக்கணம்?

இதுவரை பார்த்த ஆவணங்களை அடுக்கினால் ஒன்று தெரிகிறது. பெரும்பாலானவை நிறுவனத்தின் பெயரைக் காப்பதில் தொடங்கி, ஆசிரியரின் நடத்தைக்கு வந்து, கடைசியில் பிள்ளையிடம் சேர்கின்றன. முதலாவதாக, இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குழுவிலிருந்து வெளியேறவோ, படத்துக்கு மறுப்புச் சொல்லவோ, ஆசிரியரின் செய்தியைப் பார்க்காமல் விடவோ முடியாதவர் பிள்ளை மட்டுமே. முதல் பக்கம் அவருக்கு. அடுத்த பக்கம் ஆசிரியரின் குடிமை உரிமைக்கும் ஓய்வுக்கும். நிறுவனத்தின் பெயர் இந்த இரண்டும் சரியானால் தானே நிற்கும்.

இரண்டாவதாக, தளத்தின் பெயர்களைத் தவிர்க்க வேண்டும். மைஸ்பேஸுக்கு எழுதிய விதி இன்று யாருக்கு? ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் முக்கியச் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைப்பதைத் தடுத்திருக்கிறது. நாளை வேறு நாடுகளும் வேறு எல்லைகள் வகுக்கலாம். மாறாத கேள்விகள் மூன்றுதான். இந்தப் பேச்சு இன்னொரு பொறுப்புள்ள பெரியவருக்குத் தெரியுமா? பிறகு யாராவது கேட்டால் காட்டப் பதிவு இருக்கிறதா? பிள்ளை விரும்பினால் விலக முடியுமா? தானாக மறையும் செய்தி வசதியை மாணவரோடு பேசும்போது ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இரண்டாவது கேள்வியே விடை. அது பிள்ளைக்கு மட்டுமல்ல, பின்னாளில் பொய்ப்புகாரைச் சந்திக்க நேரும் ஆசிரியருக்கும் சாட்சி.

மூன்றாவதாக, வழிகாட்டியை அனுப்பிவிட்டுக் கையெழுத்து வாங்குவதால் யாரும் மாறுவதில்லை. குறுவள மையக் கூட்டங்களில் நிகழ்வுகளை வைத்துப் பேச வேண்டும். முன்னாள் மாணவி, பத்தொன்பது வயது, நட்பழைப்பு அனுப்புகிறாள்; என்ன செய்வீர்கள்? பெற்றோர் குழுவில் ஒரு அப்பா இன்னொரு பிள்ளையின் சாதியைச் சொல்லித் திட்டுகிறார். அட்மினான நீங்கள் என்ன எழுதுவீர்கள்? மாணவன் உங்களைக் கேலிசெய்து மீம் போட்டிருக்கிறான். வகுப்பில் கேட்பீர்களா, தலைமையாசிரியரிடம் போவீர்களா, சிரித்துவிட்டு விடுவீர்களா? ஒரே விடை இல்லாத கேள்விகள் இவை. நாலு பேர் மாற்றி மாற்றிப் பேசும்போது வருகிற தெளிவு எந்த அரசாணையிலும் வராது. இளம் ஆசிரியரைவிட மூத்தவருக்கு இது தெரியும் என்றோ, தெரியாது என்றோ முன்கூட்டியே நினைத்துவிடவும் வேண்டாம்.

கடைசியாக அந்த ஒன்பதரை மணிச் செய்திக்கு வருவோம். "டெஸ்ட் எந்தப் பாடம்?" என்ற கேள்விக்கு அந்த ஆசிரியை தனியே பதில் எழுத வேண்டியதில்லை. வகுப்புக் குழுவில், "நாளை அறிவியல், நான்காம் பாடம்" என்று ஒரு வரி போட்டால், கேட்கத் தயங்கிய மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். "பயமா இருக்கு" என்று வந்தால் அப்போதே பதில் எழுத வேண்டும். எந்த விதியும் குறுக்கே நிற்கக் கூடாது. பிள்ளையோடு இருந்துகொண்டே தலைமையாசிரியரை எழுப்ப வேண்டும், தேவையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது. அந்தச் செய்தி தன் ஒருவர் போனிலேயே விடியும்வரை இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றிரவு அவருடைய வேலை.